ஓமலூருக்கு மேலே வந்து திரும்பியது பற்றி

ஓசூர்,
வியாழக்கிழமை.

அன்புத் தங்கை கிருபாராணிக்கு அண்ணன் ராயப்பன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் உன் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு நாளாக நீ போனை எடுக்காததால் நம்ப மட்டும்தான் முடிகிறது.

உன் பேரனுக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய நான் ஞானஸ்நானத்துக்கு ஏன் வரவில்லை என்பதை மணிவாரியாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி டைம் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் மற்றவர்களிடம் தாமதத்துக்குக் காரணம் எழுதி வாங்கியவன் நான். பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து சேலம் ஏர்போர்ட்டுக்கு ஆகாயத்தில் நூற்று அறுபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், அங்கிருந்து உங்கள் ஓமலூர் கோவிலுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம் என்று உன் கொழுந்தன் மேக்ஸ்வெல் சொன்னார். ஓசூரிலிருந்து ஓமலூருக்கு பஸ்ஸிலும் ஏறக்குறைய அதே தூரம்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஞானத்தகப்பன் பஸ்ஸில் கசங்கி வந்து இறங்கினால் நன்றாகவா இருக்கும் என்றுதான் யோசித்தேன்.

காலை ஆறு மணிக்கு நான் வடக்கே கிளம்பினேன். எட்டு மணிக்கு உன் அண்ணி தெற்கே பஸ் ஏறினாள். பத்து மணி விமானம் தாமதம் என்றார்கள். அண்ணி போன் செய்தாள்.

"ஏங்க, கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். நீங்க எங்க இருக்கறீங்க?"

"பெங்களூர்ல."

தர்மபுரியிலிருந்து மறுபடி கேட்டாள். பெங்களூர் என்றேன். பதினொன்றேகாலுக்கு, "கோயில்ல ஃபேனுக்கு அடியில ஒக்காந்திருக்கறேன். இன்னும் பெங்களூர்லயேவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பதினொன்று நாற்பதுக்கு விமானம் கிளம்பியது. ஜன்னலில் கிருஷ்ணகிரி அணை தெரிந்தது, அப்புறம் வெறும் மேகம். சேலத்துக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தோம். பக்கத்து சீட்டில் பர்கூர் கிரானைட் வியாபாரி ஆஞ்சப்பன் கண்ணைத் திறக்காமலே, "எறங்க மாட்டான் சார், திரும்பப் பெங்களூருதான்" என்றார். அப்படியே ஆயிற்று. ஆக, நீங்களும் சாமியாரும் எனக்காகக் காத்திருந்த அரைமணி நேரமும் நான் உங்கள் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறேன். என் இடத்தில் மேக்ஸ்வெல் நின்றார். பதிவேட்டிலும் அவர் பெயர்தான். நல்ல மனிதர். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

இரவு ஏழு மணிக்கு நான் வீடு வந்தபோது உன் அண்ணி நீ கொடுத்தனுப்பிய பிரியாணியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். "பையன் அழவே இல்லீங்க," என்றாள். "தண்ணி ஊத்தறப்பக்கூட மேலயே பாத்துட்டு இருந்தான்."

அதற்கப்புறம் நான் சாப்பிடவில்லை.

இனி இந்த ஜென்மத்தில் விமானம் என்ற பேச்சே எடுக்க மாட்டேன். குழந்தைக்கு மாதாவின் காவல் என்றும் இருக்கட்டும். மேக்ஸ்வெல்லுக்கு என் வணக்கம். போனை எடு.

இப்படிக்கு,
உன் அண்ணன் ராயப்பன்

பின்குறிப்பு: அதே டிக்கெட்டில் வேறு ஒரு நாள் போகலாம் என்று விமானக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிறு போட்டிருக்கிறேன். குழந்தையை சேலம் ஏர்போர்ட் வாசலுக்குத் தூக்கி வந்து என் கையில் கொடு. உன் அண்ணி சனிக்கிழமையே பஸ்ஸில் வந்துவிடுவாள்.