சீனத் துறைமுகத்தை நான் கடலில் கரைத்த கதை

வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குக் கை சும்மா இராது. நான் அந்த ரகம். சந்தேகம் வந்தால் கேட்கமாட்டேன், துப்புரவாக்கிவிடுவேன்.

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். சின்யோர் (வீட்டு ஐயா) கப்பல் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பெர்மெசோவை (இங்கே இருப்பதற்கான அனுமதி) புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். அந்தக் கிழமையோடு தவணை முடிகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த யன்னலையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

அன்று காலை சின்யோரும் அவர் மனைவி சின்யோராவும் கடைக்குப் போயிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் நீலத் துணி விரித்துக் கிடந்தது. அதில் கோணல்மாணலாக ஒன்பது கட்டங்கள். (வெள்ளைக்காரர் போட்டது, கோணலாகத்தானே இருக்கும்!) கோதுமை, கடலை, பயறு, எள்ளு என்று கட்டத்துக்கு ஒரு தானியம். நவதானியம்! சின்யோருக்குக் கொஞ்சக் காலமாகச் சுகமில்லை. நம்மவர் யாரோ சொல்லி, சின்யோரா கிரகசாந்தி செய்திருக்கிறா என்று என் ஐந்தாம் வகுப்பு மூளை முடிவு கட்டியது. செய்து முடித்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நீரில் விட வேண்டும். பாவம், இவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

துணியோடு மூட்டை கட்டிக் கடற்கரைக்கு ஓடினேன். சனீஸ்வரனை வேண்டிக் கரைத்துவிட்டுத் திருப்தியோடு திரும்பினேன்.

கடையால் வந்த சின்யோர் வெறும் மேசையைக் கண்டு தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கீழ்வீட்டில் வேலை செய்யும் பரிமளத்தைக் கூட்டிவந்தேன். அவளுக்கு இத்தாலியன் தண்ணீர்பட்ட பாடு.

"அக்கா, அந்தத் துணியிலை இருந்தது சீனாவிலை ஒரு துறைமுகத்தின்ரை வரைபடமாம். முந்தி மீன்பிடிக் கிராமமாம். வெளிநாட்டுக்காரர் பிடிச்சுத் துறைமுகம் கட்டினவையாம். இப்ப ஒன்பது பிரிவாம், பிரிவுக்கு ஒரு தானியம். பின்னேரம் பழைய கப்பல் கூட்டாளிமாருக்கு அதின்ரை சரித்திரம் சொல்லப் போறாராம். எங்கை அது எண்டு கேக்கிறார்."

"கடலுக்குள்ளை."

"எது?"

"ஒன்பது பிரிவும்."

பரிமளம் வாயைப் பொத்தினாள். "இதை நான் என்னண்டு அக்கா சொல்லுறது?"

சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த சனி, எள்ளு எல்லாம் சொன்னாள். சின்யோர் கதிரையில் இருந்துவிட்டார். பெர்மெசோ போச்சு என்று நான் வெறும் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். கடைசியில் அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"தனக்காகவோ செய்தனீங்கள் எண்டு கேக்கிறார். ஓம் எண்டு தலையாட்டுங்கோவன்!"

ஆட்டினேன். (அப்படி ஆட்டினால் கழுத்துச் சுளுக்கும்.)

பின்னேரம் வெறும் மேசையைக் காட்டி அவர் கூட்டாளிகளிடம் சொன்னதைப் பரிமளம் என் காதில் போட்டாள்: "எத்தினை படை வந்தும் அழியாத துறைமுகமாம். இந்த மனுசி ஒரு துணியிலை கட்டிக்கொண்டு போயிட்டாவாம்!" கிழவர்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அடுத்த நாள் அவர் கையெழுத்துப் போட்டார்.

இன்றும் மகன் வீட்டில் நான் கூட்டுகிற தும்புத்தடியைத் தொட்டால் போதும், அவன் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவான்: "அம்மா வெளிக்கிட்டிட்டா! சீனாவைத் தூக்கி உள்ளை வையுங்கோ!"