சிவப்பு வட்டம் போட்ட வயல்

“இதுல கடல் நல்லாத் தெரியும். நெலம்தான் தெரியாது,” என்றார் லத்தா தெருக் கடைக்காரர்.

தேவராஜ் அந்த வழிகாட்டும் கருவியைத் தூக்கிப் பார்த்தான். ஏதோ மீன்பிடிப் படகில் இருந்தது போலிருக்கிறது, சோற்றுக் கேரியர் கனம் கனத்தது.

“எங்க முதலாளி வேட்டைக்குப் போறது வயக்காட்டுலங்க.”

“அப்ப இந்தச் சின்ன ஜிபிஎஸ்ஸை எடுங்க. நீங்க நிக்கிற எடத்தை அப்படியே காட்டும். எழுத்தெல்லாம் சீனம். அது பழகிடும்.”

தேவராஜ் சின்னதையே எடுத்துக்கொண்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை. எனாமல் பாத்திரக் கடை முதலாளி அப்துல் ரவூப் நேற்றுத்தான் கணக்குப்பிள்ளையான அவனைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார்.

“மிஷினும் நெல மேப்பும் நீதான் பார்த்து வாங்கணும். யார் நெலத்துல நிக்கிறோம்னு தெரியணும். இது ஒழுங்கா அமையலேன்னு வையி, மிச்சினா கிளையில ஒரு கணக்குப்பிள்ளை வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

மிச்சினா, பர்மாவின் வடகோடியில் இருந்தது. ரயிலில் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று ரயிலுக்கே தெரியாது. தேவராஜின் மனைவி பவானிக்கு இது எட்டாம் மாதம்.

முதலாளியின் வேட்டை அந்தத் தெருவில் பிரசித்தம். வருஷா வருஷம் குளிர் தொடங்கியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை காற்றுத் துப்பாக்கியோடு ஊருக்கு வெளியே மாவ்பிப் பக்கம் போவார். கொழுத்த வாத்துகளோடு திரும்புவார். அடிபட்ட பறவையை உயிர் போவதற்குள் தாமே பிஸ்மில்லா சொல்லி அறுத்து, அங்கேயே இறகும் பிடுங்கிக் கொண்டுவந்துவிடுவார். அவர் மனைவி ஹமீதுன்னிசா சமைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்புவார். இதுவரை ஒருவர் பல்லிலும் ஒரு துப்பாக்கி ரவை கடிபட்டதில்லை. அப்படியொரு குறி என்று எல்லோரும் வியந்தார்கள்.

இத்தனை வருஷம் கூடப் போன டிரைவர் இராமையா, மோல்மேனில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். முதலாளிக்குக் காரில் ஏறினால் தூக்கம் வந்துவிடும், அதனால் வழி எதுவும் தெரியாது. புது டிரைவர் கோ ஜோவுக்கு மாவ்பி என்றால் சந்தை மட்டும்தான் தெரியும்.

தேவராஜ் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒரு நில வரைபடம் பிடித்தான். வெள்ளைக்காரன் காலத்தது. முதலாளிக்குப் பர்மிய எழுத்தும் ஆங்கிலமும் வாசிக்க வராது, அவன்தான் படித்துச் சொன்னான்.

“இது செட்டியார். இதுவும் செட்டியார். இது அவரோட பங்காளி.”

“இவங்கள்ல ஒருத்தராவது உயிரோட இருக்காங்களா?”

“இருக்க மாட்டாங்க, முதலாளி. தொந்தரவே இல்லை.”

“உயிரோட இருக்கறவங்க பேரு வேணும்டா எனக்கு,” என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

மாவ்பியில் அரிசி வியாபாரம் செய்யும் நண்பனை நச்சரித்து, தேவராஜ் இப்போதைய நில வரைபடத்துக்குக் கையால் வரைந்த நகல் ஒன்று வாங்கினான்.

“இதுல நம்மாளு யாராவது இருக்காங்களா பாரு,” என்றார் முதலாளி.

“ஒரே ஒரு பேருதான். வேலம்மா.”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த எடத்தை நல்லா குறிச்சு வச்சுக்க.”

தேவராஜுக்குப் புரிந்தது. பர்மாக்காரராவது சிரித்து அனுப்புவார், நம்மாட்கள்தான் வரப்பை மிதித்தாலே ஊரைக் கூட்டுவார்கள். வேலம்மாவின் வயலைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டான். செத்தாலும் அங்கே கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தான்.

ஞாயிறு காலை முதலாளி தூங்க, தேவராஜ் கருவியைப் பார்த்து வழி சொல்ல, கார் ஒரு பெரிய நீர்நிலையருகே நின்றது.

முதலாளி கண் விழித்தார். “யார் நெலம் இது?”

“யாருக்கும் சொந்தமில்லை, முதலாளி. புறம்போக்கு,” என்றான் பெருமையோடு.

முதலாளியின் முகம் தொங்கிப்போனது. “இங்க பறவை இருக்காது.”

தலைக்கு மேலே பறவைகள் கூட்டமாய்ப் பறந்தன. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

இன்னும் பத்திரமான இடம் பார்க்க வேண்டும் என்று, தேவராஜ் அதைவிட ஒதுக்குப்புறமான புதர்க்காட்டுக்குக் கூட்டிப்போனான்.

“இங்க மனுஷ வாடையே கிடையாது, முதலாளி.”

“மனுஷன் இல்லாத எடத்துல எனக்கென்னடா வேலை?” முதலாளி குரல் உடைந்தது. “அந்தச் சிவப்பு வட்டம் எங்க இருக்கு?”

“அதுக்கு நேர் எதிர்த்திசையில வந்துட்டோம். பயப்படாதீங்க.”

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். “மிச்சினாவுல குளிர் அதிகம். கம்பளி எடுத்துக்க,” என்றார்.

அவசரத்தில் கோ ஜோ காரை மிங்கலாடோன் பக்கம் திருப்பிவிட்டான். ராணுவ முகாமின் முள்வேலி நீளமாய்த் தெரிந்ததும் அவனுக்கே வியர்த்தது.

“மேப்பு, மிஷின், துப்பாக்கி, மூணும் வச்சிருக்கோம். யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?”

தேவராஜ் கருவியை மதியச் சாப்பாட்டுக் கேரியருக்குள், பிரியாணிக்கு அடியில் புதைத்தான். வரைபடத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். வேலி மறைந்து வெகுதூரம் வந்தபின் கருவியை வெளியே எடுத்தபோது நெய் சொட்டியது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரை இருட்டாகவே இருந்தது. வியர்வையில் வரைபடத்தின் மையும் கரைந்து, சிவப்பு வட்டம் அவன் நெஞ்சில் ஒட்டியிருந்தது.

இனி எங்கே போனால் என்ன என்று கோ ஜோ கண்ணில் பட்ட மண்பாதையில் எல்லாம் ஓட்டினான். கடைசியில் கார் ஒரு வாய்க்கால் வரப்பில் சக்கரம் புதைந்து நின்றது.

வயலின் மறுகோடியிலிருந்து ஒரு கிழவி, கையில் மூங்கில் கம்போடு வேகமாய் வந்தாள்.

“யாரது, வரப்புல காரை ஏத்துனது?” என்று சுத்தத் தமிழில் கத்தினாள்.

இத்தனை பெரிய மாவ்பியில் எந்த வயலுக்கு வரக் கூடாதோ அதே வயல். இனி மிச்சினாதான், பவானியிடம் எப்படிச் சொல்வது என்று தேவராஜ் யோசித்தான்.

“முதலாளி, நான் பேசிக்கறேன். அது வேலம்மாதான் போலிருக்கு. நீங்க உள்ளேயே…”

முதலாளி அதற்குள் இறங்கியிருந்தார். காலையிலிருந்து இல்லாத சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. தேவராஜின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அல்ஹம்துலில்லாஹ். தேவராஜு, மிச்சினாவுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்பா. பிரசவம் முடியிற வரைக்கும் நீ லீவு எடுத்துக்க.”

தேவராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, பவானியை விட்டுப் போக வேண்டியதில்லை. சேற்றிலேயே உட்கார்ந்து அழலாம் போல அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கிழவி பக்கத்தில் வந்து கம்பை ஊன்றி நின்று, இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன மொதலாளி, இராமையா இல்லாம வழி தெரியலையா? உங்க வாத்தையெல்லாம் விடியக்காலையிலேயே காலைக் கட்டிப் போட்டாச்சு. ஆமா, இந்தத் தம்பிக்கும் சேர்த்துப் பிடிக்கவா, இல்ல இவரு நெசமாவே சுடறவரா?”