வளரும் பிள்ளைக்கு ஒரு துவக்கு

எங்கள் குடும்பத்தில் எவருக்கும் எந்தப் பொருளும் அளவாக வாங்கப்பட்டதில்லை. மட்டக்களப்பில் ஆறாம் வகுப்புக்கென்று தைத்த காற்சட்டை எனக்குச் சரியாக வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். (அதுவரை அதைத் தாங்கிப் பிடித்தது அரைஞாண் கயிறு.) கனடாவில் மொன்றியலுக்கு வந்து, பொறியியலாளனாகி, பக்கத்துக் கர்க்லாண்டில் வீடு வாங்கிய பிறகும் இந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை. மகள் மதுராவுக்கு நான் வாங்கிய குளிர்கால ஜாக்கெட்டுக்குள் பிள்ளை இருக்கிறதா என்று ஆசிரியை ஒருமுறை திறந்தே பார்த்தாராம். "வளர்ற பிள்ளைதானே" என்பதே எல்லாவற்றுக்கும் என் பதில். அதே புத்தியோடு நான் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கப் போன கதை இது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பக்கத்து வீட்டு லூசி ஆஸ்பத்திரியில் தாதி. ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போவார். அவருடைய மகளும் மதுராவும் ஒரே வகுப்பு. வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்த் தேறினால் பன்னிரண்டு வயதிலேயே பெரியவர்களோடு வேட்டைக்குப் போகலாம் என்பது இந்த ஊர்ச் சட்டம். மதுராவுக்குப் பன்னிரண்டு வந்ததும் தானும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். துவக்கு என் பெயரில்தான் இருக்கலாம் என்பதால் நானும் வகுப்புக்குப் போனேன். அவள் மானின் இதயம் எந்தப் பக்கம் இருக்கும் என்று பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் குண்டை எந்தப் பக்கத்தால் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சாந்தி திருகோணமலைக்காரி. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள், இப்போது காசு கொடுத்து அதை வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறோமா என்று கேட்டாள். ஆனால் மதுரா இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்தபடி இருந்ததைப் பார்த்துச் சாந்தியே இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு.

"பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அந்தச் சாமான் இந்த வீட்டில இருக்கப்படாது. இவளும் போகப்படாது."

லூசிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. சுட்டுப் பழகும் மைதானத்தில் மதுரா ஒழுங்காகச் சுடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காட்டுக்குக் கூட்டிப்போவாராம்.

கடையில் விற்பனையாளர் ஒரு துவக்கை எடுத்து என் பக்கம் நீட்டினார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தேடியது. (துவக்கோடு ஒருவன் முன்னால் நின்றால் அதைத்தான் செய்யவேண்டும் என்று ஊர்ச் சோதனைச் சாவடிகளில் படித்து வளர்ந்த கை.) அவரோ நான் அதற்குள் பணம் கட்ட அவசரப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவர் நீட்டியது பிள்ளைகளுக்கென்றே செய்த கட்டையான, இலேசான துவக்கு. எனக்கு அதைப் பார்த்ததும் மனம் வரவில்லை. இரண்டு வருடத்தில் இவள் என் உயரத்துக்கு வந்துவிடுவாள், பிறகு இதை யார் தூக்குவது? யானைக்கும் போதுமான நீளத்தில் சுவரில் தொங்கிய ஒன்றைக் காட்டினேன்.

மதுரா அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். தூரத்தைக் கிட்டக் காட்டும் ஸ்கோப்புக்கு அவள் கண் எட்டவில்லை.

"அப்பா, இது எனக்குப் பெரிசு."

"வளர்ற பிள்ளைதானே, மகள்."

அவள் துவக்கை என் கையில் தந்துவிட்டுத் தள்ளி நின்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கண் எட்டாவிட்டால் ஸ்கோப்பைப் பின்னால் தள்ளிப் பூட்டினால் போயிற்று, இதற்கு ஏன் வேறு துவக்கு? விற்பனையாளர் வேண்டாம் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். நான் பொறியியலாளன் என்று இரண்டு மொழியிலும் பதில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, என் சொற்படியே பூட்டித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் லூசி அந்தத் துவக்கை ஒருமுறைதான் பார்த்தார். இதை இந்தப் பிள்ளை சுட நான் விடமாட்டேன் என்றார். நவம்பர் கைவிட்டுப் போவது மதுராவின் முகத்தில் தெரிந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இதில ஒண்டுமில்லை. நான் சுட்டுக் காட்டுறன், பாருங்க."

அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். பயத்தில் துவக்கின் பின்கட்டையைத் தோளில் பட்டும் படாமலும் பிடித்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கென்று பின்னால் இழுத்த ஸ்கோப், என் புருவத்தை உரசியபடி நின்றது. விசையை அழுத்தினேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது வானம். குண்டு எதிரேயிருந்த மண்மேட்டில் ஒழுங்காகப் போய்ப் புதைந்ததாம். அது பாய்ந்த வேகத்துக்குத் துவக்கு பின்னால் உதைத்த உதையெல்லாம் ஸ்கோப் வழியாக என் புருவத்தில் இறங்கியிருந்தது. இரத்தம் மூக்கின் மேலால் வழிந்தது. லூசி துணியை அழுத்திப் பிடித்தார், சிரிப்பை அடக்கியதில் அவர் கையும் குலுங்கியது. மதுரா முதலில் துவக்கைத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று பார்த்து, முனையை மண்மேட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். வகுப்பில் சொல்லித்தந்தபடியே எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் அழத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. லூசி தடுத்திராவிட்டால் அந்த இரும்பு வளையத்துக்குப் பின்னால் இருந்திருப்பது என் பிள்ளையின் கண். நோவையும் மறந்து, நல்லவேளை, நல்லவேளை என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று லூசி நினைத்தாராம்.

புருவத்தில் தையலோடு வீட்டுக் கதவைத் திறந்தேன். சாந்தி என்னைத் தாண்டி மதுராவைத்தான் பார்த்தாள். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு?"

"ஒண்டுமில்லை."

"அப்ப சரி. தேத்தண்ணி ஊத்திறன், இருங்க."

அவள் நிபந்தனையில் என் தலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் தேத்தண்ணி குடித்ததில்லை.

மறுநாள் கடைக்காரர் என் நெற்றியைப் பார்த்தார். பெரியதை எடுத்துக்கொண்டு கட்டைத் துவக்கைத் தந்தார். மதுரா அதைத் தோளில் வைத்ததும் கண் தானாகப் போய் ஸ்கோப்பில் நின்றது. லூசி தலையாட்டினார். நவம்பரில் போனார்கள். மதுரா ஒரு மானைக் கண்டாளாம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் சுடவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காக நான் இன்னொரு காயமும் பட்டிருக்கலாம்.

நான் நினைத்ததுபோல் அவள் என் உயரத்துக்கு வரவுமில்லை. இன்றைக்கும் என் தோளளவுதான்.

எங்கள் வீட்டில் இப்போது யாராவது ஒரு பொருளைப் பெரிதாக வாங்கப் பார்த்தால் எவரும் வாய் திறப்பதில்லை, விரலைப் புருவத்தில் வைப்பார்கள். போன மாதம் பேத்தியின் காலுக்குப் பனிச்சப்பாத்து வாங்கப் போனோம். என் கை பழக்க தோஷத்தில் பெரிய சோடியை எடுத்தது. மதுரா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தொட்டாள். அம்மாவைப் பார்த்து, காரணம் தெரியாத நாலு வயதுப் பேத்தியும் தன் புருவத்தைத் தொட்டாள். நான் பெரியதை இருந்த இடத்திலேயே வைத்தேன்.