எடைக்கு எடை வெல்லம்

எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் யாரும் நேர்மையாக ஏறுவதில்லை. செருப்பைக் கழற்றுவோம், கைப்பையை இறக்கிவைப்போம், மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வோம். (மூச்சை இழுத்தால் எடை குறையும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!) அப்படி ஏறி ஏறித்தான் எண்பதுகளில் ஒருநாள் நான் மானத்தை இழந்தேன்.

எனக்கு வரன் அமையாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தபோது அம்மா பெருமாளிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். கல்யாணம் நிச்சயமானால் துலாபாரம். தராசின் ஒரு தட்டில் நான், மறு தட்டில் என் எடைக்கு எடை வெல்லம். பெண்ணை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேண்டியிருக்கலாம். பார்க்கவில்லை.

நிச்சயமும் ஆயிற்று. மாப்பிள்ளை குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். தாம்பூலம் மாற்றிய கையோடு அவருடைய அம்மா ஆரம்பித்தார்.

“பொண்ணு லட்சணமா இருக்கா. கல்யாணத்துக்குள்ள ஒடம்ப மட்டும் கொஞ்சம் கொறச்சுட்டா, போட்டோவுல எடுப்பா இருக்கும்.”

“அதுக்கென்னங்க, கொறச்சுடுவா” என்றாள் அம்மா. (யாருடைய உடம்பு?)

முன்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “லெட்டர் போடறோம்” என்று போனவர்கள். இவரும் அப்படிப் போய்விட்டால்? பயமாக இருந்தது. அதைவிட, எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அன்றே சோற்றை விட்டேன். கொள்ளுக் கஞ்சி குடித்தேன். விடிந்ததும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் மூச்சிரைக்க நடந்தேன். ஆபீசுக்குப் போக, உட்கார இடம் கிடைக்குமே என்று தாம்பரத்தில்தான் ரயிலேறுவேன். அங்கே எடை இயந்திரத்தில் ஏறி நிற்பேன். கலர் விளக்குகள் சுற்றும், அட்டை விழும். திங்கட்கிழமை ஒரு கிலோ குறைந்திருக்கும். செவ்வாய்க்கிழமை, அதைவிடக் குறைவாகச் சாப்பிட்டும், ஒன்றரை கிலோ கூடியிருக்கும். பட்டினி கிடந்தவளுக்கு யார் ஊட்டிவிட்டது? பிளாட்பாரத்திலேயே நின்று அழுதிருக்கிறேன். அட்டையின் பின்னால், ‘இது உங்களுக்கு எல்லாம் பெருகும் காலம்’ என்று ஜோசியம் வேறு.

ஓர் ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்துவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றோடு ஏறினேன். மூன்று கிலோ குறைவு! அம்மா எதிர்வீட்டுப் போனிலிருந்து சம்பந்தியம்மாவிடம் பெருமையடித்தாள். அப்பா அந்த எடைக்கே வெல்லம் வாங்கி மூட்டை கட்டினார். நான் அதோடு இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. கிடைத்த நல்ல எண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்?

துலாபாரத்துக்கு முதல் நாள் அஸ்தினாபுரத்தில் சித்தி வீட்டு விருந்து. வத்தக்குழம்பு, மோர்மிளகாய், அப்பளம், ஆவக்காய். எத்தனை நாள் பசி! கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தாகம் தாங்காமல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். போதாக்குறைக்கு, மாதவிலக்குக்கு முந்தைய, மோதிரம்கூட விரலில் இறங்காத நாட்கள் அவை.

கோயிலில் இரண்டு குடும்பமும் கூடி நின்றது. பட்டுப்புடவையும் நகையுமாகத் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் வெல்லம் முழுவதும் ஏறியது. என் தட்டு தரையை விட்டு எழவில்லை.

“இன்னும் வெல்லம் இருக்கா?” என்று கேட்டார் பட்டர்.

இல்லை. அர்ச்சனைத் தேங்காய்களை வைத்தார்கள். வாழைப்பழச் சீப்பை வைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவதி, தான் கொண்டுவந்திருந்த பூசணிக்காயைக் கொடுத்து உதவினாள். ஊஹூம். நகைகளைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“மூச்சை விடும்மா, மயக்கம் போட்டுடப் போறே” என்றார் பட்டர்.

சம்பந்தியம்மா என் அம்மாவின் பக்கம் திரும்பினார். “மூணு கிலோ கொறஞ்சுட்டான்னு சொன்னீங்களே?”

போச்சு, இந்த வரனும் போச்சு. பெருமாளே, இந்தத் தட்டோடு என்னைப் பூமிக்குள் இழுத்துக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். (பாதி வேலையை நானே முடித்திருந்தேன்.)

அப்போது என் தட்டு மெல்ல எழும்பியது! கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளை வெல்லத் தட்டை ஒட்டி நின்று, மண்டபத்துக் கூரையைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தட்டின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

“சார்! கையை எடுங்கோ சார்!” என்று கத்தினார் பட்டர்.

எடுத்தார். நான் தொப்பென்று தரைக்கு வந்தேன். கோயிலே சிரித்தது. சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அப்பா கடைக்கு ஓடி மீதி வெல்லத்தைக் கொண்டுவரும்வரை நான் தட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிரசாதம் வாங்கும்போது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்தார்.

“நேத்து உப்பு ஜாஸ்தியா சாப்ட்டீங்களா?”

தலையாட்டினேன்.

“அது வெறும் தண்ணிங்க. உப்பு தண்ணிய பிடிச்சு வச்சுக்கும். கொழுப்பு ஒரே நாள்ல இவ்ளோ ஏறாது. பட்டினி கெடந்து எறங்கினதும் முக்கால்வாசி தண்ணிதான்.”

கல்யாணத்துக்கு முன் நாங்கள் பேசிய காதல் பேச்சு இது ஒன்றுதான்.

காரணம் தெரிந்து என்ன பயன்? இத்தனை வருடமாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏற்றம்தான் அதிகம். வீட்டில் யார் என்னைக் குறை சொன்னாலும் இவர் பரிந்துகொண்டு வருவார். “கையை எடுடா” என்பார் மாமியார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பை என் மகள் எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் டாக்டர் என்னை எடைபார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “அஞ்சு கிலோ கூடியிருக்கீங்கம்மா.”

“அதெல்லாம் தண்ணி, டாக்டர்” என்றார் இவர்.

“அப்பா, கைய எடுங்க” என்றாள் மகள்.