இடது பக்கம் மூலம், வலது பக்கம் விளைவு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன், இந்த வரியை எழுதும் நிமிஷம் வரை அந்தப் பதவியில் நீடிப்பவன், எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்வாய். போனை எடுப்பது உன் அக்காவாக இருக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள். நீயும் உன் வீட்டம்மாவும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள். அந்தச் சௌக்கியத்தோடேயே ஒன்றைக் கேட்டுக்கொள்: இப்போது என் தலையில் விழுந்திருக்கும் இடியை அங்கிருந்து தள்ளிவிட்டவன் நீதான். போனில் திட்டாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசி நான் பட்டது போதும், அதையும் சொல்கிறேன்.

இந்த வருஷத்திலிருந்து எங்கள் கணிதத் துறை மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைத் தாங்களே அச்சுக்கோக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிப்பகத்தில் நீ தினமும் செய்கிற அதே வேலைதான். எழுத்து தடிமனாக வேண்டுமா, அதற்கொரு கட்டளை. பின்னம் வேண்டுமா, அதற்கொரு கட்டளை. எல்லாவற்றையும் வரிசையாகக் கணினியில் தட்டிவிட்டு ஓட்டினால், பக்கம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வந்து விழும். இதற்கு ஒரு பாடப் புத்தகம் எழுதச் சொல்லி துறைத்தலைவர் என்னைப் பிடித்தார். "நீங்கதான்; பொறுமைசாலி; அதனால;" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை. முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். அதனால் ஆசிரியர் அறையில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். பதினாறு வருஷமாக அது அவர் காதுக்குப் போகாமல் நாங்கள் எல்லோரும் கட்டிக் காத்து வந்தோம்.

புத்தகத்தின் அமைப்பு எளிது. இடது பத்தியில் தட்ட வேண்டிய கட்டளை, அதற்கு 'மூலம்' என்று தலைப்பு. வலது பத்தியில் அது எப்படி வரும் என்பது, அதற்கு 'விளைவு' என்று தலைப்பு. நான் என்ன செய்தேன், மூலத்தைத் தனியாகத் தட்டினேன், விளைவைத் தனியாக ஓட்டி வெட்டி எடுத்து வந்து பக்கத்தில் ஒட்டினேன். ஒரு திருத்தம் வந்தால் இந்தப் பக்கம் செய்வேன், அந்தப் பக்கம் மறந்துவிடுவேன். அந்தப் பக்கம் ஞாபகம் வந்து செய்யும்போது இந்தப் பக்கத்தில் வேறு ஏதாவது மாற்றியிருப்பேன். ஒன்பதாம் பக்கத்தில் இடது பக்கம் முக்கால், வலது பக்கம் ஐந்தின் கீழ் எட்டு. முதல் வகுப்பில் கைப்பிரதியாகக் கொடுத்தேன். ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணெல்லாம் கலங்கி வந்து நின்றாள். "சார், இடது பக்கம் இருக்கற மாதிரியேதான் அடிக்கறேன். வலது பக்கம் இருக்கற மாதிரி வரவே மாட்டேங்குது. நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்றாள். நீ ஒரு தப்பும் பண்ணலம்மா, தப்பு பண்ணினவன் உன் முன்னால் நிற்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. "கம்ப்யூட்டரை ஒரு தடவ அணைச்சுப் போடும்மா" என்றேன். இருபத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் வாயிலிருந்து இப்படி ஒரு பதில்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். எங்கள் ஆசிரியர் அறையில் சிக்னல் கிடையாது. தாழ்வாரத்தின் கடைசியில் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், அங்கேயும் கத்தினால்தான் கேட்கும். நீ பாட்டுக்கு, "அத்தான், மூலத்துல என்ன பிரச்சனை?" என்று கேட்டாய். நான் பாட்டுக்கு, "மூலம் ஒழுங்காத்தான் இருக்கு, விளைவுதான் தாங்க முடியல! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அறுபது பசங்களுக்கும் காட்டணும்!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் பௌதிக ஆய்வகத்து உதவியாளர் குவளையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், தண்ணீர் வழிந்து அவர் காலில் கொட்டுகிறது. என் தோளைத் தொட்டு, "வெக்கப்படாதீங்க சார். எனக்கும் நாலு வருஷம் இருந்துச்சு. ஆனா பசங்களுக்கெல்லாம் காட்டாதீங்க, டாக்டர்கிட்ட மட்டும் காட்டுங்க" என்றார். மறுநாள் காலை என் நாற்காலியில் நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் திண்டு ஒன்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் இந்தக் கடிதமும் எழுதுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அன்று நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "எதுக்கு அத்தான் ரெண்டு தடவ அடிக்கறீங்க? ஒரே தடவ அடிங்க. நான் அனுப்பற நாலு வரியை மேல போட்டுட்டா, நீங்க அடிச்சத இடது பக்கம் அப்படியே காட்டும், வலது பக்கம் ஓட்டிக் காட்டும். ரெண்டும் மாறவே மாறாது. அதுல பொய் சொல்லவே முடியாது அத்தான்!" அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்குப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மச்சான், இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சதவீதக் குறி போட்டு அதன் பின்னால் எழுதுவதை இயந்திரம் சீண்டாது, அது எழுதுகிறவனின் சொந்தக் குறிப்பு, பக்கத்தில் வராது என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த நாளிலிருந்து நான் அதை விடவில்லை. டைரி எழுதினால் வீட்டில் படிக்கிறார்கள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதினால் யாருக்கும் தெரியாது, மனசும் லேசாகிறது. புத்தகம் எழுதிய நாலு மாசமும் ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கு நடுவிலும் மனசில் வந்ததையெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறேன். உன் நாலு வரியை மேலே போட்டேன். வலது பத்தியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி பிசகில்லை. இடது பத்தியைப் பார்க்கவில்லை. நான் அடித்ததைத்தானே அப்படியே காட்டும், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்படியேதான் காட்டியது. முந்நூறு பிரதியிலும் காட்டியது.

திங்கட்கிழமை காலை கட்டைப் பிரித்து வகுப்பில் விநியோகித்தேன். ஐந்து நிமிஷம் எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு விக்கல் மாதிரி சத்தம். பிறகு ஜன்னல் பக்கம். பிறகு வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்குகிறது. என் வாழ்க்கையில் ஒரு பாடப் புத்தகத்தை அறுபது பேர் அப்படி ஊன்றிப் படித்து நான் பார்த்ததில்லை. அதே பெண் எழுந்தாள். "சார், பதினாலாம் பக்கத்துல ஒரு சந்தேகம். இடது பக்கம், சதவீதக் குறி போட்டு, 'அரைப்புள்ளி வருகிறார், திரையை மாற்று'ன்னு ஒரு வரி இருக்கு. வலது பக்கத்துல அது வரவே இல்ல. ஏன் சார்?" என்று கேட்டாள். மச்சான், பாட ரீதியாகப் பார்த்தால் அருமையான கேள்வி. பதில் சொல்ல நிமிர்கிறேன், கதவருகே துறைத்தலைவர் நிற்கிறார். புத்தக வெளியீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார். "அரைப்புள்ளின்னா; அது; யாரு;" என்றார். அவர் வாயிலிருந்து அந்த மூன்று வார்த்தையும் வந்த அழகில் வகுப்புக்கே விடை தெரிந்துவிட்டது.

அவர் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று புத்தகத்தைப் புரட்டினேன். இருபத்திரண்டாம் பக்கம், வலது பக்கம் அட்டவணை கோடு பிசகாமல் நிற்கிறது, இடது பக்கத்தில்:

% புதுக் கண்ணாடி எப்படி என்று கேட்டாள். பிரமாதம் என்றேன்.
% ஆந்தை.

எந்தப் பாடப் புத்தகம் அச்சானாலும் பத்துப் பிரதி நேராக நூலகத்துக்குப் போகும். எங்கள் நூலகத்தில் பத்தொன்பது வருஷமாக யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பையும் துறைத்தலைவரையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மூன்று மாடி இறங்கினேன், இரண்டாம் மாடியில் ஒரு செருப்பு கழன்றது, அதை விட்டுவிட்டேன், சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டும்போது அடுத்ததையும் விட்டுவிட்டேன். நூலகத்தில் உன் அக்கா பத்துப் பிரதியையும் முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றாக முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். "அதுல ஒரு சின்ன அச்சுப் பிழை இருக்கு, அப்படியே குடு, நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன். "முத்திரை குத்தின புத்தகம் வெளில போகணும்னா கார்டு வேணுங்க" என்றாள். கார்டை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். "இது காலாவதி ஆயி ரெண்டு வருஷம் ஆச்சு. புதுப்பிக்கணும்னா துறைத்தலைவர் கையெழுத்து வேணும்." டமார் என்று ஒரு முத்திரை. "செருப்பு இல்லாம நூலகத்துக்குள்ள வரக் கூடாதுங்க." இன்னொரு டமார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்று வரை, பதினெட்டு நாளாக, உன் அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர எழுதுகிறாள். புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டாள் போலிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டுகிறாள்:

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. % நேற்றையது.
துணி காய்ந்துவிட்டது. % மடித்தால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது.
உங்கள் சட்டை நன்றாக இருக்கிறது. % பிரமாதம்.

அந்தப் 'பிரமாதம்' என்னும் சொல்லைப் பார்த்த அன்றிலிருந்து வீட்டு வேலையெல்லாம் என்னுடையது. துணி மடிக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், காலையில் அவள் எழுந்திருக்கும் முன் பால் காய்ச்சி வைக்கிறேன். எதற்கும் அசையவில்லை.

வேலை போயிருக்கும் என்று நினைக்கிறாயா? அதுதான் இல்லை. துறைத்தலைவர் மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் அடையாளச் சீட்டு. ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். "இத பாருங்க; நான் எல்லாத்தையும்; அதாவது நேத்து சின்னதா ஒரு தேர்வு; வச்சேன்; குறிப்புக் குறி எதுக்குப் பயன்படும்னு;" என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "அறுபது பேரும்; சரியா;" என்றார். பிறகு புத்தகத்தைப் பதினாலாம் பக்கத்தில் திறந்து வைத்தார். "எனக்கு ஒரு பட்டப்பேர் இருக்குன்னே; இத்தன வருஷம்; யாரும் சொல்லல; மத்தவங்களுக்கெல்லாம் இருக்கு; எனக்கு மட்டும் இல்லியோன்னு;" என்றார். மச்சான், அந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அடுத்த பதிப்பிலும் குறிப்புகள் அப்படியே இருக்க வேண்டுமாம். "ஆனா பேருக்குப் பின்னால; 'அவர்கள்'னு ஒரு மரியாதை; போட்டுட்டா;" என்று கேட்டுக்கொண்டார். போட்டுவிட்டேன். 'அரைப்புள்ளி அவர்கள் வருகிறார், திரையை மாற்று.' ராஜினாமாக் கடிதம் பையிலேயே இருந்து, சட்டையைத் துவைத்தபோது நனைந்து கிழிந்து போயிற்று.

ஊர் உலகம் என்னை மன்னித்துவிட்டது, வீடு மன்னிக்கவில்லை. ஆகவே நீ ஒன்று செய். உன் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுது. எல்லாம் உன் நாலு வரியால் வந்தது, அத்தான் அப்பாவி, வயசானவர், கண்ணாடி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுது. நான் எழுதச் சொன்னதாக மட்டும் மூச்சு விடாதே. உன் கடிதம் வந்து சேரும் நாளுக்காக அடுப்படியில் நின்று காத்துக்கொண்டிருப்பேன்.

உன் வீட்டம்மாவுக்கு என் அன்பு. குழந்தை நன்றாகப் படித்து, நிறைய ஆயுளோடு, மனசில் நினைப்பதை எங்கும் எழுதி வைக்காத புத்திசாலியாக வளர என் ஆசி.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதறேன். உறை மேல விலாசம் எழுத என் கையெழுத்துதான் அழகுன்னு உங்க அத்தான் என்கிட்டயே குடுத்தார், ஒட்ட மறந்துட்டார். அவர் சீட்டு எழுதிக் கேட்டார், நானும் சீட்டு எழுதித்தான் சரின்னேன். நீ ஒண்ணும் பயப்படாதே, உன் மேல எந்தத் தப்பும் இல்ல. அந்தப் புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி துறைத்தலைவர் என்கிட்டதான் அனுப்பினார். நூலக மேசையில தனியா உக்காந்து, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல, அதனால 'அப்படியே அச்சிடலாம்'னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். கோபமெல்லாம் அன்னிக்கே போச்சு. ஆனா மனுஷர் இப்ப ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத்துணி வச்சுத் துடைக்கறார், பரண் மேல இருக்கறத ஞாயித்துக்கிழம இறக்கறேன்னு அவராவே சீட்டு ஒட்டியிருக்கார். அதனால நீ எனக்குச் சமாதானக் கடிதம் எழுதறதா இருந்தா, ஒண்ணும் அவசரமில்ல, அடுத்த மாசக் கடைசியில எழுது.