எக்ஸ்பயரி அக்காவும் செல்வியின் கண் மையும்

லிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடக்கூடிய பெண்மணி இந்தப் பூமியில் ஒருத்திதான் உண்டு. அவள் தென்காசியில் நாங்கள் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலின் நாலாம் நம்பர் அறையில் இருந்தாள். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் வார்டன் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்பயரி அக்காதான்.

அக்கா வேலை பார்த்தது ஓர் அரசு அலுவலகத்தில். அங்கே அவள் மேஜையைச் சுற்றி, எந்தக் காலத்திலோ முடிந்துபோன கோப்புகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் மேக்கப் பையில் தேதி தாண்டிய ஒரு பவுடர் டப்பா இருந்தால் மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் அவளுடைய சொந்த அலங்காரம் என்பது முகத்துக்கு ஒரு ஒற்று பவுடர், நெற்றிக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அந்தப் பொட்டும் நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவில் கண்ணாடியில் ஓய்வெடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்ட கை காய்வதற்குள் வராந்தாவில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் அவரவர் பையோடு வரிசையில் நிற்க வேண்டும். பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்ப்பாள். லிப்ஸ்டிக்கோடு கொண்டை ஊசி, பஸ் டிக்கெட், ஒற்றைக் கம்மல், உருகி உறைந்த சாக்லேட் எல்லாம் வந்து விழும். பிறகு பிரேதப் பரிசோதனை தொடங்கும்.

"இது உசுரோட இருக்கு. இது இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இது போய்ச் சேந்துட்டு."

உயிரோடு இருப்பதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பாள். திறந்த மாதத்தைச் சின்னத் தாளில் எழுதி அடியில் ஒட்டுவாள். பவுடருக்கு ஒரு உறை, கிரீமுக்கு ஒரு உறை, உதட்டுக்கு ஒரு உறை, கண்ணுக்கு உள்ளதற்குத் தனி உறை என்று அடுக்கித் தருவாள். போய்ச் சேர்ந்ததற்காக அழ அனுமதி கிடையாது.

"அக்கா, அது எங்க சித்தி துபாய்ல இருந்து கொண்டுவந்தது" என்று நான் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன்.

"சித்தி வந்துட்டுப் போயி எத்தன வருசம் ஆவுது?"

"நாலு."

"சித்தி மூஞ்சியே இன்னேரம் மாறியிருக்கும். சவத்த தூரப் போடுட்டி."

கண் மை விஷயத்தில் இன்னும் கறார். ஒருத்தி மையை இன்னொருத்தி தொட்டுவிட்டால் நாலாம் நம்பர் அறையில் விசாரணை நடக்கும். "கண்ணு ரெண்டு பேருக்கும் பொதுவாட்டி இருக்கு? பொறவு மை மட்டும் எதுக்குப் பொதுவா வச்சிருக்கிய?"

சாரல் காலத்தில்தான் அக்காவுக்குச் சோதனை. குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்தால் எங்கள் கொடியில் போட்ட துண்டு காய்வதற்குள் அடுத்த சம்பளமே வந்துவிடும். ஈரப் பிரஷ்ஷில் பூஞ்சை பிடிக்கும். அக்கா யோசித்தாள். எல்லோருடைய பிரஷ்களையும் ஷாம்பூ போட்டு அலசி, இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு தென்காசிப் பெரிய கோயில் கோபுர வாசலில் போய் நின்றுவிட்டாள். அங்கே வீசும் காற்று தெரியும்தானே. சேலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும்.

கேரளாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் அவளை நிறுத்தி, "சேச்சி, இதுக்கு எந்தா வெல?" என்று கேட்டார்.

"விக்கதுக்கு இல்ல. காயுது" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டு பயபக்தியோடு கும்பிட்டுவிட்டுப் போனார். பிரஷ்கள் அரை மணி நேரத்தில் பஞ்சு போல் காய்ந்துவிட்டன.

குற்றாலத்துக் குரங்குகூட அவள் கண்காணிப்பிலிருந்து தப்பவில்லை. அருவிக்குப் போனபோது ஒரு குரங்கு என் பையைப் பிடுங்கிக்கொண்டு சுவர்மேல் ஏறியது. நிதானமாக ஜிப்பைத் திறந்து, லிப்ஸ்டிக்கை எடுத்து ஒரு கடி கடித்தது. நான் பை போயிற்றே என்று அலறினேன். அக்கா குரங்குக்காக அலறினாள்.

"ஏலே, அத திங்காதலே. நாளு முடிஞ்சிட்டு. வயித்தால போவும்."

குரங்கு அவளைப் பார்த்தது. லிப்ஸ்டிக்கைப் பார்த்தது. துப்பிவிட்டுப் பையோடு சேர்த்துத் தூக்கி எறிந்தது. பையைப் பொறுக்கும்போது லிப்ஸ்டிக்கையும் அக்காவுக்குத் தெரியாமல் உள்ளே போட்டுக்கொண்டேன். "பாத்தியா, அதுக்குத் தெரியுது. டிகிரி படிச்ச ஒனக்குத் தெரியல" என்று அக்கா ஹாஸ்டல் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களைச் செல்வியின் நிச்சயதார்த்தம் வாயடைக்க வைத்தது. செல்வி என் அறைத் தோழி, இலஞ்சிக்காரி. நிச்சயத்தன்று ஆசையாகத் தன் மதினியின் பழைய கண் மையை எடுத்துத் தீட்டிக்கொண்டாள். தட்டு மாற்றுவதற்குள் இரண்டு கண்ணும் பணியாரமாக வீங்கிவிட்டன. மாப்பிள்ளையின் அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "பொண்ணுக்குக் கண்ணுல ஏதும் கோளாறு உண்டோ?" என்று கேட்டார். கல்யாணமே நின்றுவிடுமோ என்று இரண்டு வாரம் வீட்டில் பேச்சு ஓடியது. செல்வி ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அக்கா அவளைத் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கல்யாணத்தன்னைக்கு ஒங்கண்ண அந்த அத்தையே திஷ்டி கழிப்பா. நாஞ் சொல்லுதேன்" என்றாள்.

வீக்கம் வடிய, பேச்சும் அடங்கியது. கல்யாணம் இலஞ்சி முருகன் கோயிலில், விருந்தும் அலங்காரமும் பக்கத்து மண்டபத்தில். அலங்காரத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பியூட்டிஷியன் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் காபி குடிக்கப் போன இடைவெளி போதாதா? அக்கா பெட்டியைத் திறந்துவிட்டாள். ஒரு கிரீம் டப்பாவின் மூடியைத் திருகி முகர்ந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"இது போய்ச் சேந்து ரொம்ப நாளாவுதே" என்றாள், திரும்பி வந்த பியூட்டிஷியனிடம்.

"மேடம், நான் நூறு கல்யாணம் பாத்திருக்கேன்."

"இந்த டப்பாவும் அந்த நூறையும் பாத்திருக்கு. அதான் சொல்லுதேன்."

பியூட்டிஷியன் பெட்டியை மூடினார். காரில் ஏறினார். போயே போய்விட்டார். முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. செல்வியின் அம்மா நாற்காலியில் சரிந்து, "ஏ பாவி, எம்மவ கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று அழ ஆரம்பித்தார். செல்வி அழவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஏட்டி, எல்லாரும் பையக் கொண்டாங்க."

மண்டபத்தில் ஹாஸ்டலே இருந்தது. அவரவர் பை அவரவர் தோளில் இருந்தது. எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஜிப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தனி, உதட்டுக்குத் தனி. எதை எடுத்துத் திருப்பினாலும் அடியில் அக்காவின் கையெழுத்தில் மாதம். நாங்கள் ஞாயிறுதோறும் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்றதெல்லாம் இந்த ஒரு காலைப்பொழுதுக்கான ஒத்திகை என்று அப்போதுதான் தோன்றியது.

"நீங்க போடுங்கக்கா" என்றாள் செல்வி.

"எனக்குப் பூசத் தெரியாதுட்டி. எதப் பூசலாம்னுதான் தெரியும்."

ஒருத்தி இரண்டு கிரீமைக் கலந்து செல்வியின் மாநிறத்துக்குச் சரியாகக் கொண்டுவந்தாள். ஒருத்தி புருவம், ஒருத்தி உதடு. அக்கா நடுவில் நின்று பஞ்சும் ஸ்பிரிட்டுமாக ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துக் கையில் கொடுத்தாள். கண் என் பொறுப்பு. நான் என் மையை எடுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

தன் கைப்பையிலிருந்து ஒரு புது மைப் பென்சிலை எடுத்தாள். சீல் உடைக்காதது. செல்வியின் முகத்துக்கு நேரே பிடித்துத் தேதியைக் காட்டி, அவள் தலையசைத்த பிறகே உடைத்தாள். "இது ஒனக்கு மட்டும். நிச்சயதார்த்தம் முடிஞ்ச மறுநாளே வாங்கி வச்சிட்டேன். போடுட்டி, கை நடுங்காம" என்றாள்.

மண்டபத்திலிருந்து கோயிலுக்குப் போகும்போது சாரல் பிடித்துக்கொண்டது. குடை ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். சன்னதிக்கு முன்னால் மாப்பிள்ளையின் அத்தை செல்வியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணுக்குள்ளேயே பார்த்தார். கண் தெளிவாக, கரையாத மையோடு அவரைத் திருப்பிப் பார்த்தது. அத்தை இரண்டு கைகளாலும் அவள் கன்னத்தை வழித்து தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினார்.

"எம் மருமவளுக்கு எந்த பார்லர்ல போட்டிய?"

அக்கா முன்னால் வந்தாள். "நாலாம் நம்பர் ரூம்."

தாலி கட்டியபோது நாதஸ்வரத்தையும் மீறி ஹாஸ்டல் கூட்டம் கை தட்டியது. செல்வியின் அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதார். குரூப் போட்டோவுக்கு முன் அக்காவுக்கும் கொஞ்சம் லிப்ஸ்டிக் போட்டே தீரவேண்டும் என்று மணப்பெண் அடம்பிடித்தாள். அக்கா உதட்டைக் குவித்துக்கொண்டு, கடைசி நொடியில் தலையைப் பின்னுக்கு இழுத்து, "டேட் பாத்தியா?" என்றாள். திருப்பிக் காட்டினோம். தன் கையெழுத்தைப் பார்த்த பிறகே உதட்டைக் கொடுத்தாள்.

மறுவருடம் அக்காவுக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்து, பையைக் கேமரா முன்னால் கவிழ்க்கச் சொல்வாள். கவிழ்ப்பேன். குரங்கு கடித்த அந்த லிப்ஸ்டிக் உருண்டு வந்து நடுவில் நிற்கும்.

"சவத்த இன்னும் வச்சிருக்கியாட்டி? நானே நேர்ல வந்து எறிஞ்சாத்தான் உண்டு போல."

அதற்காகத்தான் அக்கா, அதை வைத்திருக்கிறேன்.