வட்டி ஏற வேண்டி நான் பாடிய வெண்பாவும் வீட்டில் விளைந்த கலகமும்

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த சம்பந்தி அவர்கள் திருமுன்னர்க்கு,

இறையருளால் இவ்விடம் அனைவர்க்கும் உடல்நலம் குறைவின்றி உள்ளது. மனநலம் பற்றிக் கீழே விரித்துரைக்கிறேன். தங்கள் முழங்கால் வலி தணிந்ததெனக் கேட்டு உவந்தேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

தங்கள் புதல்வியைக் குறைகூறி எழுதுவது என் வழக்கமன்று. பன்னிரண்டு ஆண்டுகளில் இதுவே முதன்முறை என்பதால் சற்று நீளும்; பொறுத்தருள்க.

அச்சகத்தில் முப்பத்தோராண்டு மெய்ப்புத் திருத்திச் சேர்த்த பணத்தை நான் வங்கியில் நிலைவைப்பாக இட்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். என் மருந்து, மூக்குக்கண்ணாடி, நூல்கள் எல்லாம் அதன் வட்டியில்தான். மகனிடம் கைநீட்டாமல் கண்மூட வேண்டும் என்பதொன்றே இப்பிறவியில் எஞ்சிய என் ஆசை. அவ்வைப்பு வரும் வியாழனன்று முதிர்கிறது. அன்றுள்ள விகிதமே அடுத்த ஐந்தாண்டுக்கு. ஆகவே விகிதம் உயர வேண்டுமென நாள்தோறும் இறைவனிடம் விண்ணப்பித்தேன். விண்ணப்பம் செய்யுளாக இருத்தல் வேண்டும், வாய்விட்டும் சொல்லுதல் வேண்டும் என்பது என் ஆசிரியர் கட்டளை. எனவே ஒரு குறள்வெண்பா யாத்தேன்:

ஏறுக வட்டி இறைவா அடியேனும்
தேறுக திங்கள்தொ றும்.

பதினோராம் நாள் மைய வங்கி அரை விழுக்காடு உயர்த்தியது. நான் அகமகிழ்ந்து இனிப்பு வாங்கி வந்தேன். மறுவாரமே, இவ்வீட்டை வாங்க மகன் அதே வங்கியில் பெற்ற கடன் பற்றி ஒரு மடல் வந்தது. ‘மாதத் தவணைத் தொகையில் மாற்றமில்லை’ என்றிருந்த முதல் வரியைப் படித்து, இதுவும் அருளே என்றேன். தங்கள் புதல்வி தாளைத் திருப்பினாள்.

"தொகைதான் மாறல மாமா. வருஷம் மாறிருக்கு. இவருக்கு அறுபத்தெட்டு வயசு ஆகுற வரைக்கும் கட்டணுமாம்."

"அந்த வயசுலயும் நான் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி ரிப்பேர் பாக்கணுமா?" என்றான் என் மகன், நான் வாங்கி வந்த இனிப்பைத் தின்றுகொண்டே.

வைப்புக்கு வட்டி ஏறினால் கடனுக்கும் ஏறும் என்பதை யான் அறியேன். அறியாமல் செய்த பிழை அது. ஆனால் மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வழிபாட்டறையிலிருந்து என் வெண்பாவே என் காதில் விழுந்தது. தங்கள் புதல்வி முதற்சொல்லை மட்டும் மாற்றிக் ‘குறைக வட்டி’ என்று பாடிக்கொண்டிருந்தாள். தளை தட்டுகிறது! என்னை எதிர்த்து விண்ணப்பிக்கட்டும். வெண்பாவை ஏன் முடமாக்க வேண்டும்? அன்றுமுதல் ஐந்தரைக்கு அவள், ஆறுக்கு நான். இரண்டையும் கேட்கும் இறைவன் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மனம் ஆற வெளியே நடந்தால் அங்கும் அமைதியில்லை. எதிர்ச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் வழிமறித்தார். "ஐயா, எதிர்க் கட்டடத்துக்குப் பதினாலு கதவு செஞ்சு வச்சிருக்கேன். கட்டுறவருக்குக் கடன்வட்டி ஏறிப்போச்சுன்னு ரெண்டாவது மாடியோட நிறுத்திட்டாரு. கதவு இருக்கு, மாட்டச் சுவரு இல்ல. நீங்க கொஞ்சம் மெதுவா வேண்டிக்கக் கூடாதா?" விலைவாசியை அடக்கவே விகிதத்தை உயர்த்துகிறார்களென்று நாளிதழில் படித்ததைச் சொன்னேன். "அடங்கினது நான்தான்" என்றார்.

இவையனைத்தினும் கொடியது நேற்று நிகழ்ந்தது. தங்கள் புதல்வி தேநீரை என் முன் வைத்து, "உங்க பணத்தைத்தான் மாமா பேங்க் எங்களுக்குக் கடனாக் குடுக்குது. உங்களுக்கு ஏழு குடுத்துட்டு எங்ககிட்ட ஒன்பதரை வாங்குது. இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்குப் பணம் வர்றதுக்கு ரெண்டரை கூலியா?" என்று கேட்டாள். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். பின்னர் நானே சுடவைத்துக் குடித்தேன்.

ஆதலால் தாங்கள் தந்தை என்னும் உரிமையோடு அவளைக் கண்டித்து, ஐந்தரை மணி வழிபாட்டை நிறுத்தச் செய்ய வேண்டும். மேலும், தாங்களும் வைப்பு வட்டியில் காலங்கழிப்பவர். புதனன்று மைய வங்கி மீண்டும் கூடுகிறது. தாங்களும் சம்பந்தியம்மாளும் அதுவரை மேற்கண்ட வெண்பாவை நாளொன்றுக்கு நூற்றெட்டு முறை ஓதுவீர்களாயின் நம் தரப்பு வலுப்பெறும்.

தங்கள் குடி எல்லா நலனும் பெற்று நீடு விளங்குக.

இங்ஙனம்,
தங்கள் அன்பிற்குரிய சம்பந்தி

பின்குறிப்பு: இக்கடிதத்தை உறையிலிட்டு வைத்துவிட்டுத் தபால்தலை வாங்க மறந்தமையால் ஆறு நாள் தாமதமாயிற்று. புதனன்று விகிதத்தில் மாற்றமில்லை. வியாழனன்று வங்கிக்குப் போய், வைப்பைப் புதுப்பிக்கும் படிவத்தைப் பாதி நிரப்பியபின் கிழித்துவிட்டு, முழுப்பணத்தையும் மகனின் கடனில் கட்டிவிட்டேன். அவன் இனி ஐம்பத்தொன்பது வயதில் குழியைவிட்டு வெளியேறலாம். தங்கள் புதல்வி அப்பணத்திற்கு எனக்கு ஆண்டுக்கு எட்டு விழுக்காடு தருவாள். கைநீட்டத் தேவையில்லை, மாதந்தோறும் முதல் தேதி காலை மேசைமேல் ரசீதுப் புத்தகத்துடன் வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இத்தகைய மருமகள் வாய்க்க நான் முற்பிறவியில் தவம் செய்திருக்க வேண்டும்.

எஞ்சிய கடனின் பொருட்டு இப்போது ஐந்தரைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே பாடுகிறோம், தளையைச் சரிசெய்துவிட்டேன். ஆகவே, மேற்கண்ட வெண்பாவைத் தாங்கள் ஓதத் தொடங்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்திற்குப்பின் தங்கள் வைப்பு வட்டி குறையுமாயின் மனம் தளரவேண்டா. இம்முதுமையில் பொருட்பற்றை விடுதலே நமக்கு அழகு.